காயம்பட்ட வீரனும் நம்ம வீட்டுத் திண்ணையும்



படிப்பு முடிச்சதும் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவன் நான். புனேயில் பல வருஷம் வார்டு வேலை. 1944-இல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம் அங்கேதான் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்ட வீரர்களுக்காக 1974-இல் கிர்க்கியில் ஒரு மறுவாழ்வு மையமும் வந்தது.

கால் போனவருக்கு முதல் பாடம் நடை அல்ல. மிச்சமிருக்கும் காலில் பட்டைத்துணியை இறுக்கிச் சுற்றி வடிவுக்குக் கொண்டுவரணும். அப்புறம்தான் செயற்கைக் கால் பொருந்தும். ராத்திரியில் இல்லாத பாதம் எரியும், அரிக்கும். அதைப் பிரமை என்று தள்ளிவிடாதீர்கள், வலி நிஜம். சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கணும். மறந்தால், உணர்ச்சியில்லாத இடத்தில் புண் வரும்.

1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர், 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கினார். நம்ம தமிழ்நாட்டிலே எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகல் பெயரில் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கை தட்டுகிறீர்கள். எனக்குப் பயமே இந்தக் கைதட்டலில்தான்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு நானே ஒரு தப்பு செஞ்சேன். பக்கத்துக் கிராமத்தில் ஒரு தம்பி, கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்தவன். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். மறுநாள் வயலுக்குக் கிளம்பினான். "உனக்கெதுக்குப்பா, திண்ணையில இரு" என்றார் அப்பா. நானும் கூடச் சேர்ந்து அதையே சொன்னேன். வார்டில் கற்றதெல்லாம் எங்கே போச்சோ!

"ஆஸ்பத்திரியில்கூட என்னை உட்காருன்னு யாரும் சொல்லலே, மாமா" என்றான்.

அவனுக்குக் கொடுத்திருந்தது ஷூ போட்டு நடக்கும் கால், சேற்றுக்கு ஆகாது. 1968-இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதம், வெறுங்காலோடு நடந்து, சம்மணம் போட்டுச் சாப்பிடுகிற நம்ம ஜனங்களுக்கென்றே செஞ்சது. தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கலாம். அதை வாங்கிப் பொருத்தினோம். வரப்பில் நாலு தடவை விழுந்தான். அப்பா ஓடப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். பிடிச்ச கை எனக்கும் நடுங்கிச்சு. அவனே எழுந்து போய் மடையைத் திறந்தான்.

இன்னைக்கு இந்த மேடைக்கு அவனைக் கூப்பிட்டேன். நடவு இருக்கு, வரமுடியாதுன்னுட்டான்.