டேங்கர் லாரியின் பின்னால் ஓர் எண்



நெடுஞ்சாலையில் ஆபத்தான பொருள் ஏற்றிய டேங்கர் லாரி போகிறது. அதன் பின்புறப் பலகையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் எரிவாயு. எந்த நாட்டிலும் இதே எண்தான், ஐ.நா. வகுத்தது.

தீயணைப்பு வீரர்களுக்கும் இந்த லாரி ஓட்டுநர்களுக்கும் இதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு. பயிற்சி பெறாதவர் இந்த லாரியை ஓட்டவே கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி. தீயணைப்பு வீரர்களுக்கு எண் தெரிந்தால்தான் தண்ணீர் அடிப்பதா, நுரை அடிப்பதா என்று தெரியும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். தண்ணீரை அடித்தால் தீயும் அதோடு பரவும்.

சமையல் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. கொட்டிய தண்ணீர் மாதிரி தரையோடு ஓடி, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். எங்கோ ஒரு பொறி போதும்.

அதனால், டேங்கர் கவிழ்ந்தால் கிட்டே போகாதீர்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று உங்கள் பக்கம் வீசாத இடமாகப் பார்த்துத் தள்ளிப் போங்கள். தூரத்திலிருந்தே அந்த எண் தெரிந்தால், 112-ஐ அழைத்துச் சொல்லுங்கள். அந்த எண்ணைச் சொன்னால், வருகிறவர்கள் தயாராக வருவார்கள்.