கடனைச் சொன்ன துண்டும் திறமையைச் சொல்லும் கடிதமும்

(கண்டி தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகத் 'துண்டு' வேண்டும். அதில் என்ன எழுதியிருந்தது? கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர் என்றா? இல்லை. இவ்வளவு ரூபாய் கடன், அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்றுதான். புதுத் தோட்டம் அதைக் கட்டும். கடன் ஆளோடு சேர்ந்தே போகும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

துண்டு போய்விட்டது. ஆனால் திறமையைச் சொல்லும் கடிதம் பலருக்கு இன்னும் கிடைக்கவில்லை. பெக்டரியில் பதினைந்து வருடம் ரோலரில் நின்றவர், சத்தத்தை வைத்தே பெயாரிங் தேய்ந்ததைச் சொல்லுவார். கண்டி டவுனில் வேலை கேட்டால், "சர்டிபிகேட் எங்கே?" என்கிறார்கள். கையிலுள்ள கடிதத்தில் 'தொழிலாளி' என்று மட்டும் இருக்கிறது. கடைசியில் ஹெல்பர் சம்பளம்தான்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, வேலையை விடும்போது சேவைக் கடிதம் கேளுங்கள். எந்த மெஷின், எத்தனை வருடம், பழுது பார்க்கத் தெரியுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். 'நல்லவர், நேர்மையானவர்' மட்டும் போதாது.

இரண்டு, என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவர்களையும் பரிசோதித்துத் தகைமை வழங்கும் வழி அதில் உண்டு. படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் வாருங்கள்.

சங்கமும் சிபாரிசுக் கடிதம் தரும். ஆனால் கண்ணால் பார்த்த வேலைக்குத்தான் எழுதுவோம். வேண்டியவர் என்று ஒருவருக்குப் பொய்யாக எழுதினால், அடுத்து வரும் உண்மையான தொழில்காரருக்கு நம் கடிதம் செல்லாது.