இடக்கை நடக்க, வலக்கை பதில் சொல்ல

கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவரை நாம் பார்த்திருக்கிறோம். அவருடைய வலக்கை கட்டைகளின் மேல் ஓடும். இடக்கை துருத்தியை அசைத்துக்கொண்டிருக்கும். அந்த இடக்கைக்கும் வாசிக்கும் வேலை கொடுத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபைகளில் ஒலிக்கும் 'ஷவுட்' இசையைக் கேட்டால் விளங்கும். ஆராதனை உச்சத்தை எட்டும்போது மக்கள் எழுந்து, கைதட்டி, கால் துள்ள ஆடுவதற்காக ஆர்கனிலும் பியானோவிலும் வாசிக்கப்படும் விரைவான இசை அது.

அதன் வேரைத் தேடிப் போனால், நாம் தோட்டங்களில்தான் போய் நிற்போம். தென் கரோலினாவின் நெல் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். 1739-ஆம் ஆண்டு, ஸ்டோனோ ஆற்றுப் பக்கத்தில் அவர்களில் சிலர் கிளர்ந்தெழுந்து, முரசு கொட்டி மற்றவர்களையும் அழைத்தபடி நடந்தார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, முரசு, கொம்பு முதலிய உரத்த கருவிகள் அடிமைகளிடம் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. முரசொலி ஆட்களைத் திரட்டும் என்பது எசமானர்களுக்குத் தெரியும் அல்லவா?

முரசைப் பறிக்கலாம், கையையும் காலையும் பறிக்க முடியுமா? அம்மக்கள் வட்டமாகச் சுற்றி, காலைத் தரையில் தேய்த்து நடந்து வழிபட்டார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் பதில் பாடினார்கள். ஒருவர் துடைப்பக் கம்பால் பலகைத் தரையைத் தட்டித் தாளம் கொடுத்தார். அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. பின்னர் சபைகளுக்குள் பியானோ வந்தது. 1926-இல் அரிசோனா டிரேன்ஸ் என்ற பார்வையற்ற பெண்மணி, தாமே பியானோ வாசித்துப் பாடி இசைத்தட்டுகளுக்குப் பதிவு செய்தார். 1935-இல் ஹாமண்ட் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. நாளடைவில் அதுவும் சபைகளில் இடம்பெற்றது.

இனி, வாசிக்கும் முறையைப் பார்ப்போம். சங்கராபரணத்துச் சுரங்களை எடுத்துக்கொள்வோம். இடக்கை, தாழ்ந்த குரலில், ச, க, ம என்று ஏறி, பிரதி மத்திமத்தைத் தொட்டு, பஞ்சமத்தை அடைந்து, மறுபடி சட்ஜத்துக்கு வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம். இதுவே பேஸ் நடை. வலக்கை ச, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்துகிறது. இப்படிச் சேர்ந்தொலிப்பதைக் கார்டு என்பார்கள். பிறகு கட்டைவிரல் சட்ஜத்திலேயே இருக்க, மற்ற இரு விரல்களும் ம, த என்ற கட்டைகளுக்கு நகர்கின்றன. உடனே திரும்பி வருகின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலக்கை, இடக்கையோடு சேர்ந்து விழக்கூடாது. இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சட்டென்று அழுத்தி, உடனே எடுத்துவிட வேண்டும். அந்தத் துள்ளல்தான் காலை எழுப்புகிறது. ஆகவே, முதலில் இடக்கையை மட்டும் பழக வேண்டும். பக்கத்தில் ஒருவர் தடுமாறாமல் கைதட்டும் அளவுக்கு அது நிலைத்த பிறகே வலக்கையைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு வலக்கையை நிறைய ஓடவிட்டால் தாளம் குலைந்துவிடும்.

துடைப்பக் கம்பு செய்த வேலையை இன்று இடக்கை செய்கிறது. பதில் பாடியவர்களின் வேலையை வலக்கை செய்கிறது. பறிக்கப்பட்ட முரசு பத்து விரல்களுக்குள் புகுந்துகொண்டது. அடுத்த முறை அந்த இசை காதில் விழும்போது, வெறும் ஆரவாரம் என்று ஒதுக்கிவிடாமல், அடியில் நடக்கும் அந்த இடக்கையை நாம் கூர்ந்து கேட்போம்.