ஆலயத்துக்குள் வரவேண்டிய கூலிக் கணக்கு

(உருத்திரபுரத்தில் திருச்சபை மக்கள் மத்தியில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்திருக்கும் நாங்கள் இங்கே அந்நியர் இல்லை. 1970களில் தோட்டங்களில் பட்டினி வந்தபோதும், 1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின்னும் எங்கள் சனம் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் வாங்குகளில் இருக்கிறார்கள். குடியிருக்கும் காணிக்குப் பத்திரம் அவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

நத்தாருக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம், பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கிறோம். நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு வருசமும் அதே வீட்டுக்கே பொதி போகிறதென்றால், அந்த வீட்டில் ஏன் அரிசி இல்லை என்று சபை கேட்க வேண்டாமா? கேட்டால் சிக்கல்தான். வயற்காரரும், அவர் வயலில் களை பிடுங்குகிற பெண்ணும் ஒரே ஆலயத்தில் முழங்காற்படியிடுகிறார்கள். ஒரே வெயிலில் நின்றாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரம், வயல் அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலியைப் பற்றித்தான் பேசுகிறது. அதை எத்தனை அறுவடை ஆராதனைகளில் வாசித்திருக்கிறோம்?

திருச்சபை எப்போதும் தொழிலாளி பக்கமே நின்றது என்று நாம் கதை கட்டத் தேவையில்லை. 1854இல் தோட்டங்களுக்கென்று தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் பண உதவியோடு நடந்தது. எழுத்தறிவு தந்தது, தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் அதை மறுக்கமாட்டோம். ஆனால் துரையின் காசில் ஓடும் மிஷன் துரையிடம் சம்பள உயர்வு கேட்குமா?

கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள். இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வேலை செய்த இடம் அது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எங்களுக்கு இரக்கம் காட்டுவதோடு அவர் நிற்கவில்லை. குடியுரிமை, சம்பளம், வீடு என்று பெயர் சொல்லிப் பேசினார். 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் உருவானபோதும் முன்னின்றார். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது, தேசிய கிறிஸ்தவ மன்றம் தோள் கொடுத்தது.

அப்படியானால் உருத்திரபுரத்தில் என்ன செய்யலாம்? "தோட்டக்காட்டான்" என்ற சொல் ஆலய வளவுக்குள் கேட்கும்வரை வேறு எதைப் பேசியும் பிரயோசனமில்லை. அதைப் போதகர் பிரசங்க பீடத்திலிருந்தே கண்டிக்க வேண்டும். சபை நிர்வாகத்தில் கூலிக்குப் போகிற பெண்கள் இருக்க வேண்டும். தேநீர் ஊற்ற மட்டும் கூப்பிடக்கூடாது. வயல் வைத்திருக்கும் சபையார் வருகிற காலபோகத்துக்கு முன்பே கூடி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்று முடிவெடுக்கலாம். இதற்கு அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை. சிலருக்குக் கோபம் வரும், காணிக்கையும் குறையலாம். குறையட்டும்.

காணி விண்ணப்பத்துக்கு நாங்கள் உதவுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களில் இருவர் இங்கே இருப்போம். பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் என்று கையில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். மேசையும் இரண்டு கதிரையும் சபை தரவேண்டும்.