தேய்த்த பிறகே மருந்து

தோட்டத்திலிருந்து ஜார்ஜ் டவுனில் குடியேறிய நம்மவர், குழாய் நீரெல்லாம் சுத்தமென நம்புகிறோம். மூடா ஆற்று நீர் சுங்கை டுவா நிலையத்தில் குளோரின் கலந்துதான் வருகிறது. ஆனால், தொட்டியில் பாசியும் வண்டலும் படிந்திருந்தால் குளோரின் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு லெஜியனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் புகும். 1976-இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களில் பலர் இந்நோயால் மாண்டனர்.

முதலில் தொட்டியைக் காலிசெய்து தேய்ப்போம். பிறகு 1,000 லிட்டர் நீருக்கு, 5 சதவீத குளோரின் உள்ள வெளுப்புத் திரவம் 1 லிட்டர் கலந்து ஒரு நாள் வைப்போம். அந்நீரைக் குடிக்காமல் கொட்டி, நன்கு அலசி, மூடி போடுவோம். பொதுத் தொட்டியானால் நிர்வாகத்திடம் கேட்போம். பாசி மேல் ஊற்றிய மருந்து வீணே!