ஒரு கெர்னல், பல சிப்பு: கோடை எங்கே வைக்கறது?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. லேப்டாப்புல இன்டெல் சிப், போன்ல ஆர்ம், ஐஐடி மெட்ராஸோட சக்தி சிப் ரிஸ்க்-ஃபைவ். மூணுலயும் லினக்ஸ் ஓடுது. அப்போ லினக்ஸை மூணு தடவை எழுதினாங்களா?

இல்லீங்க. நான் சோமனூர்க்காரன், தறியை வெச்சே சொல்லிடறேன். துணிக்கு ஆர்டர் வரும்போது இத்தனை ரீடு, இத்தனை பிக்னு வரும். அது எந்தத் தறிக்கும் பொது. பிக்கை மாத்தணும்னா சாதாரணத் தறியில பல் சக்கரத்தைக் கழட்டி வேற மாட்டணும். ஏர்ஜெட்ல திரையில நம்பரைத் தட்டினாப் போதும். கெர்னலும் அப்படித்தான். எந்த புரோகிராமுக்கு எப்போ முறைங்கறது பொதுக் கோடு. ஒண்ணை நிறுத்தி இன்னொண்ணை ஏத்தும்போது சிப்போட ரெஜிஸ்டர்களை எப்படி மாத்தறதுங்கறது மட்டும் அந்தந்தச் சிப்போட வேலை. அந்தக் கோடு 'ஆர்ச்'ங்கற ஃபோல்டர்ல, சிப் குடும்பத்துக்கு ஒரு அறைன்னு இருக்கும்.

1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சப்ப 386 மட்டும்தான். 1995-ல ஆல்ஃபா மாதிரி வேற சிப்புகளும் உள்ள வந்துச்சு. எது பொது, எது தனின்னு பிரிச்சே ஆகணும்ங்கற நிலைமை.

பிரிச்சாலும் தொல்லை தீரலை. 32 பிட் இன்டெலுக்கு ஒரு ஃபோல்டர், 64 பிட்டுக்கு இன்னொண்ணு. பாதிக்குப் பாதி ஒரே கோடு, காப்பி அடிச்சு வெச்சது. ஒண்ணுல பக்கைச் சரி பண்ணினா இன்னொண்ணுல அது அப்படியே உக்காந்திருக்கும். தாமஸ் க்ளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் 2007-ல ரெண்டையும் 'எக்ஸ்86'னு ஒரே ஃபோல்டராக்கினாங்க. எல்லாரும் கைதட்டிடலை. ஓடிட்டு இருக்கறதைக் கலைக்கறோமேங்கற பயம் நியாயம்தானே? ஆனா எனக்குக் காப்பி அடிச்ச கோடுதான் அதைவிடப் பெரிய பயம்.

ஆர்ம் கதை இன்னும் மோசம். சிப் ஒண்ணா இருந்தாலும் போர்டு ஆயிரம். எந்த முகவரியில சீரியல் போர்ட், எந்தக் கம்பியில எல்இடி, இதெல்லாம் போர்டுக்குப் போர்டு மாறும். ஒவ்வொரு கம்பெனியும் தன் போர்டுக்குன்னு சி ஃபைல் எழுதிக் கெர்னல்ல திணிச்சாங்க. 2011-ல லினஸ் வெளிப்படையாவே கோபப்பட்டார். அதுக்கப்புறம்தான் பவர்பிசி பக்கம் ஏற்கெனவே இருந்த 'டிவைஸ் ட்ரீ'யை ஆர்முக்கும் முழுசாக் கொண்டுவந்தாங்க. போர்டுல என்னென்ன இருக்குன்னு ஒரு விவர ஃபைல். கெர்னல் பூட் ஆகும்போது அதைப் படிச்சுக்கும். 64 பிட் ஆர்ம் 2012-ல வந்தப்ப, அந்தப் போர்டு ஃபைல் வழக்கத்தையே உள்ள விடலை.

இது நம்ம பையில இருக்கற போனையும் தொடற விஷயம். பழைய போனுக்கு ஏன் புதுக் கெர்னல் வர மாட்டேங்குதுன்னா, அதுல ஒரு காரணம் இதுதான்: கம்பெனி தன் கோடைப் பொதுக் கெர்னலுக்கு அனுப்பாம, ஒரு பழைய பதிப்புமேல தனியா ஒட்டி வெச்சிருக்கும். சிப் நல்லாத்தான் இருக்கும். போனைத் தூக்கிப் போட வேண்டியதாயிடும்.

உள்ள வந்துட்டா நிரந்தரமான்னா, அதுவும் இல்லை. 2018-ல 4.17 பதிப்புல, ஆள் இல்லாத எட்டு சிப் குடும்பங்களை ஒரேயடியா எடுத்துட்டாங்க. இன்டெலோட இட்டானியமும் 2024 ஜனவரியில வந்த 6.7-ல போயிடுச்சு.

அதே 2018 ஜனவரியில, 4.15-ல, ரிஸ்க்-ஃபைவுக்கு அறை கிடைச்சது. அந்த வருஷமே சக்தி சிப்புல லினக்ஸ் பூட் ஆச்சு. ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க் இதையெல்லாம் சென்னையில யாரும் திரும்ப எழுதலை. ஆர்வம் இருந்தா கெர்னல் சோர்ஸை இறக்கி, ஆர்ச்சுக்குள்ள ரிஸ்க்-ஃபைவ் ஃபோல்டரைத் திறந்து பாருங்க. பக்கத்துலயே எக்ஸ்86-ஐயும் திறந்து வெச்சுக்கோங்க. ஃபைல் பேர்கள் பலதும் ஒண்ணாவே இருக்கும். அடுத்த எபிசோட்ல டிவைஸ் ட்ரீ ஃபைல் ஒண்ணை வரிவரியாப் படிப்போமுங்க.