வீட்டு மொழியை விடாதிருப்போம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைநகருக்குக் குடிவந்த நாம் வீட்டுக்குள் தமிழைப் பேணி வருகிறோம். ஆயினும், மூன்று வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லையென்றால், நாம் முதலில் கைவிடுவது அந்தத் தமிழைத்தான். “வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், குழந்தை குழம்பிவிட்டது” என்று பிறர் கூறக் கேட்டு, அன்றே வீட்டு மொழியை மாற்றிவிடுகிறோம். இந்தி அறியாத பாட்டியார் அன்றுமுதல் பேரக் குழந்தைக்கு அயலாராகிவிடுகிறார். இந்த இழப்பு தேவைதானா?

பேச்சுத் தாமதத்திற்குக் காரணங்கள் பல. செவித்திறனை முதலிற் சோதித்தறிதல் வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பியதைச் சுட்டிக்காட்டாமை ஆகியவை ஆட்டிசத்தின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் அதனைத் தனி நிலையாக விளக்கினார். தாயின் அன்புக் குறைவே அதற்குக் காரணம் என்று பின்னர்ப் பலர் பழி சுமத்தினர். அது பொய்ப்பழி என்பது இன்று தெளிவாகிவிட்டது. இரு மொழி கேட்பதால் இக்குழந்தைகளின் பேச்சு மேலும் பின்தங்கும் என்பதற்கும் ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை.

அவ்வாறாயின் எவ்வாறு உதவுவது? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. வல்லுநரல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பெற்றோருக்கு வழிகாட்டினர். பெற்றோர் குழந்தையின் போக்கையொட்டிப் பேசக் கற்றனர். குழந்தைகளும் தாமே முன்வந்து தொடர்பு கொள்வது மிகுந்தது.

இதில் பெரிய வித்தை ஏதுமில்லை. குழந்தை சுழலும் விசிறியை நோக்கினால் நாமும் அதனையே நோக்கி, “விசிறி சுத்துது” என்போம். பிறகு பேசாது காத்திருப்போம். “இது என்ன? சொல்லு, சொல்லு” என்று நச்சரியோம். நம் கையைப் பற்றி அடுக்களைக்கு இழுத்தால், அதுவும் பேச்சே. “தண்ணி” என்ற சொல்லை நாம் அளிப்போம். “தண்ணி வேணுமா?” என்று நாம் கேட்டதையே அது திருப்பிச் சொன்னால் நகையாதிருப்போம், “வேண்டும்” என்பதே அதன் கருத்தாக இருக்கலாம். சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை. வாய்ப்பேச்சு வராத குழந்தைக்கு அவையே மொழியாகும்.

துணைக்கு இடமும் உண்டு. 1991-இல் தோன்றிய ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பு இத்தலைநகரின் ஜசோலாவில் இயங்குகிறது. எய்ம்ஸ் மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது. “தானே பேசும்” என்று காலந்தாழ்த்தாது அங்குச் செல்வோம். வீடு திரும்பியதும் பாட்டியாரின் மொழியிலேயே பேசுவோம்.

விழா மண்டபத்தில் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தையைக் கண்டால் முகஞ்சுளியாது, அதன் தாய்க்கு நம் அருகில் இடமளிப்போம். சங்கம் என்ற சொல்லுக்குப் பொருள் அதுவே அன்றோ?